பதினான்காம் லியோ திருச்சபையை மாற்றுவாரா?

“பிரான்சிஸுக்குப் பிறகு வந்திருக்கும் புதிய போப்பாண்டவர் கத்தோலிக்கத் திருச்சபையை மாற்றுவாரா, இல்லை பழைய நிலைக்கே திருப்பிக்கொண்டு போவாரா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதை நம்புவது?” என்பது கேள்வி.

சுருக்கமான விடை வேண்டுவோருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சபை எதைத் தன் போதனை என்று அழைக்கிறதோ, அதில் பெரிய மாற்றம் எதையும் பதினான்காம் லியோவிடம் எதிர்பார்க்க இடமில்லை. அதை அவரே சொல்லிவிட்டார். ஆனால் யார் ஆயராகிறார் (ஆயர் என்பவர் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர்), யாரிடம் கருத்துக் கேட்கப்படுகிறது, எழுதிவைத்த விதி எங்கே இறுக்கிப் பிடிக்கப்படுகிறது, எங்கே தளர்த்தப்படுகிறது என்ற மூன்றிலும் ஒரு திருத்தந்தையால், அதாவது போப்பாண்டவரால், ஏராளமாக மாற்ற முடியும். அந்த மாற்றம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே கோவிலில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும். இப்போது மக்கள் கருத்து என்று உலவுவதில் பெரும்பகுதி, உடை, பெயர், முதல் பேச்சு போன்ற வெளி அடையாளங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அந்தக் கருத்துகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அவை திருத்தந்தையைப் பற்றிச் சொல்வதைவிட, சொல்கிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைக் கூடுதலாகக் காட்டுகின்றன என்கிறேன்.

2025 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் காலை, பிரான்சிஸ் தம் 88ஆம் வயதில் இறந்தார். மே 7 அன்று, அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் 133 கர்தினால்கள் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் மாலையே, நான்காம் சுற்று வாக்கெடுப்பில், ராபர்ட் பிரான்சிஸ் பிரீவோஸ்ட் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதினான்காம் லியோ என்ற பெயரை ஏற்றார். சிகாகோவில் பிறந்தவர், அகுஸ்தீன் சபைத் துறவி, கல்லூரியில் கணிதம் படித்தவர், பெரு நாட்டில் பல்லாண்டு பணிசெய்து அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். அப்போது அவருக்கு 69 வயது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிறந்த ஒருவர் இந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை.

புனித பேதுரு பெருங்கோவிலின் நடு மாடத்தில் அவர் வந்து நின்ற அந்தச் சில நிமிடங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் எழுந்த கருத்துகளில் பாதி அங்கேயே முளைத்தவை. 2013இல் அதே மாடத்துக்கு வெறும் வெள்ளை அங்கியோடு வந்த பிரான்சிஸ், “மாலை வணக்கம்” என்று பக்கத்து வீட்டுக்காரரைப் போலத் தொடங்கினார். லியோவோ மரபுப்படி சிவப்புத் தோள்போர்வையும் பூவேலை செய்த தோள்துகிலும் அணிந்து வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. “உங்கள் அனைவருக்கும் அமைதி உரித்தாகுக” என்று உயிர்த்த இயேசுவின் சொற்களோடு இத்தாலிய மொழியில் தொடங்கினார். நடுவே ஸ்பானிய மொழிக்கு மாறி, தாம் ஆயராக இருந்த பெருவின் சிக்லாயோ மறைமாவட்டத்து மக்களுக்கு வாழ்த்துச் சொன்னார். தாய்மொழியான ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரான்சிஸுக்கு நன்றி சொன்னார். பாலங்கள் கட்டும் திருச்சபை, எல்லோரும் கலந்துபேசி நடக்கும் கூட்டியக்கத் திருச்சபை என்ற சொற்களைக் கவனமாகப் பயன்படுத்தினார்.

அன்று இரவுக்குள் இரண்டு லியோக்கள் உருவாகிவிட்டார்கள். மரபை விரும்புவோர் தோள்போர்வையைப் பார்த்தார்கள். “ஒழுங்கு திரும்பிவிட்டது” என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். மாற்றத்தை விரும்புவோர் பேச்சைக் கேட்டார்கள். “பிரான்சிஸ் தொடங்கியது நிற்காது” என்று மகிழ்ந்தார்கள். இரு தரப்பும் பார்த்தது ஒரே மனிதரை. என் கணிப்பில் இரு தரப்பும் தவறாகவும் பார்க்கவில்லை. கர்தினால்கள் இப்படி ஒருவரைத் தேடித்தான் ஒரே நாளில் முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

பெயரும் அப்படியே பேசப்பட்டது. முந்தைய லியோவான பதின்மூன்றாம் லியோ 1891இல் ‘ரேரும் நொவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டவர். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் நியாயக் கூலியையும் திருச்சபையின் மொழியில் முதன்முதலாக விரிவாக எடுத்துரைத்தது அம்மடல். அன்று தொழிற்புரட்சி எழுப்பிய கேள்விகளைப் போலவே இன்று செயற்கை நுண்ணறிவு மனித உழைப்பையும் மாண்பையும் பற்றிக் கேள்வி எழுப்புகிறது, அதனால்தான் இந்தப் பெயரைத் தேர்ந்தேன் என்று புதிய திருத்தந்தை தேர்வான இரண்டாம் நாளே கர்தினால்களிடம் சொன்னார். பத்திரிகைகள் மறுமணம், ஓரினத் தம்பதியர், பெண் குருக்கள் ஆகியவற்றைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்க, அவர் கூலியையும் இயந்திரத்தையும் பற்றிப் பேசினார் என்பது கவனிக்க வேண்டியது.

நாட்டுக்கு நாடு கருத்து எப்படி வேறுபட்டது என்பதற்கு அமெரிக்காவையும் பெருவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். அமெரிக்காவில், தேர்வு அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே, அவருடைய பழைய சமூக ஊடகக் கணக்கைத் தோண்டத் தொடங்கினார்கள். முதலில் குடும்பம், பிறகு அண்டை வீட்டார், பிறகு நாட்டார், அப்புறம்தான் உலகம் என்று கிறிஸ்தவ அன்புக்கு வரிசை உண்டு எனத் துணை அதிபர் ஜே. டி. வான்ஸ் சொன்னதை மறுத்த ஒரு கட்டுரையை அந்தக் கணக்கு 2025 பிப்ரவரியில் பகிர்ந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது. வலதுசாரிகளில் சிலர் அவரை மார்க்சியவாதி என்றே சாடினார்கள். மறுபக்கம், ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் பேசுவோர், 2012இல் அவர் ஆற்றிய ஓர் உரையைக் கண்டெடுத்தார்கள். நற்செய்திக்கு முரணான வாழ்க்கை முறைகளை ஊடகங்கள் அனுதாபத்தோடு காட்டுகின்றன என்று அதில் குறைப்பட்டிருந்தார். எனவே ஒரே வாரத்தில் அவர் இடதுசாரியாகவும் பிற்போக்காளராகவும் ஆனார்.

பெருவில் யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. அங்கே சுற்றிய படம் வேறு: வெள்ளம் சூழ்ந்த தெருவில் ரப்பர் பூட்ஸ் அணிந்து நிற்கும் ஆயர். கொரோனாக் காலத்தில் மூச்சுத்திணறலால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது நிதி திரட்டி ஆக்சிஜன் ஆலை அமைத்தவர் என்றுதான் சிக்லாயோவில் அவரைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஊர்க்காரரிடம் இவர் மாற்றம் கொண்டுவருவாரா என்று கேட்டால், எங்கள் ஊரில் கொண்டுவந்தாரே என்பார். பாலியல் கொடுமைகளுக்கு ஆளானோரிடையேயும் ஒரே குரல் இல்லை. ஆயராக இருந்தபோது சில புகார்களை அவர் சரியாகக் கையாளவில்லை என்று அமெரிக்காவில் இயங்கும் ஓர் அமைப்பு குற்றம் சாட்டியது, மறைமாவட்டம் அதை மறுத்தது. அதே வேளையில், பெருவில் செல்வாக்கோடு இருந்த ‘சொதாலித்தியும்’ என்ற கத்தோலிக்க அமைப்பின் கொடுமைகளால் பாதிக்கப்பட்டோரில் சிலர், தங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட மிகச் சில ஆயர்களில் இவர் ஒருவர் என்றார்கள். அந்த அமைப்பு 2025இல் வத்திக்கானால் கலைக்கப்பட்டது.

முற்போக்கு, பழைமை என்ற இரு பெட்டிகளில் ஏதாவது ஒன்றில் அவரைப் போட்டுவிட நினைப்போருக்கு அவரே 2025 செப்டம்பர் கடைசியில் ஒரு சிக்கலை உண்டாக்கினார். கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே மரண தண்டனையை ஆதரிப்பவர் உண்மையில் உயிரின் பக்கம் நிற்பவர் ஆகமாட்டார் என்று செய்தியாளர்களிடம் சொன்னார்; குடியேறிகளை மனிதத்தன்மையற்று நடத்துவதையும் அதே மூச்சில் சேர்த்தார். அமெரிக்கக் கட்சி அரசியலின் அளவுகோலை வைத்து அளந்தால் இது குழப்பம். கத்தோலிக்கச் சமூகப் போதனையை வைத்து அளந்தால், மரண தண்டனையை ஏற்க முடியாது என்று பிரான்சிஸ் 2018இல் திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியதன் நேரடித் தொடர்ச்சி.

கருத்துக்கணிப்புகளுக்கு வருவோம். அமெரிக்கக் கத்தோலிக்கரிடம் பியூ ஆய்வு மையம் நடத்திய கணிப்புகளில், கருத்தடைச் சாதனங்களை அனுமதிக்க வேண்டும் என்போர் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். குருக்கள் திருமணம் செய்யலாம், பெண்கள் குருக்களாகலாம் என்போர் ஏறத்தாழ ஆறு பேர். பிரேசிலில் பெண் குருக்களை ஆதரிப்போர் இன்னும் அதிகம். இவற்றை மட்டும் படிப்பவருக்கு, உலகமே ஒரு பக்கம் நிற்க வத்திக்கான் மட்டும் பிடிவாதம் பிடிப்பதாகத் தோன்றும். ஆனால் யூனிவிஷன் தொலைக்காட்சி 2014இல் 12 நாடுகளில் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கரிடம் நடத்திய கணிப்பைப் பாருங்கள்: உகாண்டாவிலும் காங்கோவிலும் பெரும்பான்மையோர் பெண் குருக்களை எதிர்த்தார்கள், ஓரினத் திருமணத்தை அங்கே ஏறக்குறைய எல்லோருமே எதிர்த்தார்கள். உலகக் கத்தோலிக்கர் 140 கோடிப் பேரில் ஐந்தில் ஒருவர் ஆப்பிரிக்கர். ஐரோப்பியரும் ஐந்தில் ஒருவரே. ஒரு பக்கம் தேய்கிறது, மறுபக்கம் வளர்கிறது. ஜெர்மனியில் மாற்றம் தாமதமாகிறதே என்று சலிப்போரும் காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் மாற்றம் வந்துவிடுமோ என்று அஞ்சுவோரும் ஒரே திருத்தந்தையின் பெயரைச் சொல்லித்தான் திருப்பலியில் (பூசையில்) மன்றாடுகிறார்கள்.

இந்த இழுபறி எப்படி வெடிக்கும் என்பதை 2023 டிசம்பர் 18 காட்டியது. ஒரே பாலினத் தம்பதியருக்குத் திருவழிபாட்டுச் சடங்காக இல்லாமல் குருக்கள் எளிய ஆசி வழங்கலாம் என்று வத்திக்கான் அன்று அறிவித்தது. மூன்று வாரம் கழித்து, 2024 சனவரியில், ஆப்பிரிக்க ஆயர் பேரவைகளின் சார்பில் கின்ஷாசா கர்தினால் அம்போங்கோ கையெழுத்திட்ட அறிக்கை வந்தது: எங்கள் கண்டத்தில் இது நடைமுறைக்கு வராது. ஒரு கண்டத்தின் ஆயர்கள் ஒன்றாக நின்று ரோமைக்கு இப்படிப் பதில் சொன்னது அண்மைக் காலத்தில் காணாத ஒன்று. பிரான்சிஸும் அதைச் சகித்துக்கொண்டார். லியோ இவ்வளவு நிதானமாக அடியெடுத்து வைப்பதற்கு அந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

புதிய திருத்தந்தையைப் பற்றிய ஆரம்பக் கணிப்புகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று கேட்டால், வரலாறு சிரிக்கும். 1846இல் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) 54 வயதில் பொறுப்பேற்று, அடுத்த மாதமே அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு அளித்தபோது, இத்தாலியே அவரைத் தாராளவாதத் திருத்தந்தை என்று தெருவில் இறங்கிக் கொண்டாடியது. 1848 நவம்பரில் அவருடைய அமைச்சர் கொலையுண்டார். திருத்தந்தை ரோமைவிட்டுத் தப்பி கயேத்தாவுக்கு ஓடினார். திரும்பி வந்தவர் வேறு மனிதர். 1864இல் அவர் வெளியிட்ட தவறுகளின் பட்டியலில் 80ஆவது, அதாவது கடைசித் தவறு என்ன தெரியுமா? திருத்தந்தை முன்னேற்றத்தோடும் தாராளவாதத்தோடும் நவீன நாகரிகத்தோடும் இணங்கிப்போக வேண்டும் என்ற கருத்து. 1958இல் 76 வயது இருபத்துமூன்றாம் யோவான் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது நடந்தது இதற்கு நேர் எதிர்: வயதானவர், சில ஆண்டுகள் இடத்தை நிரப்புவார் என்றே எல்லோரும் கருதினார்கள். மூன்று மாதம் முடியுமுன்பே, 1959 சனவரி 25 அன்று, உலக ஆயர்கள் எல்லோரும் கூடும் பொதுச்சங்கத்தைக் கூட்டப்போவதாக அறிவித்தார் அவர். குரு மக்களுக்கு முதுகு காட்டி லத்தீனில் பூசை வைக்க, பெஞ்சில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த என் பாட்டியின் தலைமுறை, அந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாகத்தான் தமிழில் திருப்பலி கேட்டது. பாட்டிக்கு அது உடனே பிடித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “புரியுது, ஆனா பூசை மாதிரி இல்லே” என்பார்.

மூன்றாவது உதாரணம்தான் இன்றைய கேள்விக்கு மிக நெருக்கமானது. கருத்தடை பற்றி ஆராய யோவான் ஒரு குழுவை நியமித்தார். அடுத்து வந்த ஆறாம் பவுல் அதைப் பெரிதாக்கினார். மணமான தம்பதியரும் அதில் உறுப்பினராக இருந்தார்கள். குழுவின் பெரும்பான்மை, தடையைத் தளர்த்தலாம் என்ற முடிவுக்கு 1966இல் வந்தது. அந்த அறிக்கை 1967இல் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அதன் பிறகு மேற்குலகின் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் முடிவு வந்துவிட்டதாகவே எண்ணிவிட்டார்கள். பங்குத்தந்தையர் சிலர் அதற்கேற்ப ஆலோசனையும் சொல்லத் தொடங்கினார்கள். 1968 சூலையில் வந்த ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடல் பழைய தடையை அப்படியே உறுதிசெய்தது. ஏமாற்றத்தின் அளவு, எதிர்பார்ப்பின் அளவுக்குச் சமமாக இருந்தது. பலர் திருச்சபையைவிட்டுப் போகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். மேலே சொன்ன பத்தில் எட்டு என்ற கணக்கின் வேர் அங்கே இருக்கிறது. பிரான்சிஸின் காலத்திலும் இதன் சிறு வடிவம் ஒன்று நடந்தது. குருக்கள் பற்றாக்குறையால் ஆண்டுக்கணக்கில் திருப்பலியே கிடைக்காத அமேசான் ஊர்களுக்காக, மணமான நல்லொழுக்கமுள்ள ஆண்களைக் குருக்களாக்கலாம் என்று 2019 அக்டோபரில் கூடிய ஆயர் மாமன்றம் 128க்கு 41 என்ற வாக்குகளில் பரிந்துரைத்தது. 2020 பிப்ரவரியில் வந்த திருத்தந்தையின் மடல் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை விளக்கிவிட வேண்டும், ஏனெனில் பொதுவெளிப் பேச்சில் இது பெரும்பாலும் கலந்துபோகிறது. குருக்கள் மணம் செய்யாதிருப்பது ஒழுங்குமுறை; ரோமையோடு இணைந்த கீழைத் திருச்சபைகள் சிலவற்றில், உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கரிடம் உள்ளதுபோல, மணமான குருக்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு திருத்தந்தை நினைத்தால் அதை ஒரு கையெழுத்தில் மாற்றலாம். பெண்களுக்குக் குருத்துவம் வேறு வகை: அதற்குத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை என்று இரண்டாம் யோவான் பவுல் 1994இல் எழுதிவைத்துவிட்டார். பின்னால் வரும் திருத்தந்தை அதை மாற்ற வேண்டுமானால், முன்னவர் தவறு செய்தார் என்று சொல்லாமல் மாற்றும் வழியைத் தேட வேண்டும். அந்தப் பதவியின் அதிகாரமே தொடர்ச்சியில் நிற்பதால், கிளையை வெட்டுகிறவர் அதே கிளையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே மாற்றம் வாசல் வழியாக வருவதைவிடச் சன்னல் வழியாக வருவதே அதிகம். எந்தப் பங்குக் கோவிலிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்: நற்கருணை, அதாவது திருப்பலியில் தரப்படும் திருஅப்பம், வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்கும்போது, கடைசிப் பெஞ்சில் ஒருவர் மட்டும் முழங்காலை ஒதுக்கி மற்றவருக்கு வழிவிட்டு உட்கார்ந்தே இருப்பார். முதல் திருமணம் முறிந்து, திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்துகொண்டவராக அவர் இருக்கக்கூடும். அவருக்காகச் சட்டம் மாறவில்லை. 2015இல் பிரான்சிஸ், திருமணம் செல்லாது என்ற தீர்ப்பை இரண்டாம் நீதிமன்றமும் உறுதிசெய்ய வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார். 2016இல் வந்த ‘அமோரிஸ் லெத்தீசியா’ என்ற மடலின் 351ஆம் அடிக்குறிப்பில், சில சூழல்களில் இத்தகையோருக்கு நற்கருணை போன்ற அருளடையாளங்களின் துணையும் கிடைக்கலாம் என்றும், நற்கருணை நிறைவானவர்களுக்குத் தரும் பரிசில்லை, பலவீனருக்கு மருந்தும் உணவும் என்றும் எழுதினார். ஓர் அடிக்குறிப்பு! நான்கு கர்தினால்கள் விளக்கம் கேட்டு மனு எழுதினார்கள். அவர்களுக்கு நேரடிப் பதில் வரவில்லை. மால்டா ஆயர்கள் கதவைத் திறந்தார்கள், போலந்து ஆயர்கள் திறக்கவில்லை. ஒரே நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும் இரு நாடுகளில், ஒரே நிலையில் உள்ள இருவரில் ஒருவர் வரிசையில் நிற்கிறார், மற்றவர் பெஞ்சிலேயே இருக்கிறார்.

அந்த அடிக்குறிப்பை ஒரு மறைமாவட்டம் எப்படிப் படிக்கிறது என்பது அதன் ஆயரைப் பொறுத்தது. அதனால்தான் நியமனங்களைப் பாருங்கள் என்கிறேன். லியோவைத் தேர்ந்த 133 பேரில் 108 பேரைக் கர்தினாலாக்கியவர் பிரான்சிஸ். 2025 சனவரியில் ஒரு வத்திக்கான் துறையின் தலைமைக்கு முதன்முதலாக ஒரு பெண்ணை, அருட்சகோதரி சிமோனா பிராம்பில்லாவை அமர்த்தியதும் அவரே. லியோ, தாம் தேர்வான இரண்டு வாரத்தில், அந்தத் துறையின் செயலர் இடத்துக்கு இன்னொரு அருட்சகோதரியையே நியமித்தார். எந்தப் போதனையும் மாறவில்லை, ஆனால் அந்த அலுவலகத்தின் தலைவர், செயலர் மேசைகள் இரண்டிலும் பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். லியோவுக்கும் நியமன வேலை புதிதில்லை. 2023 முதல் ஆயர்களுக்கான துறையின் தலைவராக, உலகெங்குமுள்ள வேட்பாளர்களின் கோப்புகளைப் படித்து வந்தவர்.

நம் ஊர் நிலையையும் இங்கே சொல்லலாம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் பலருக்கு மாற்றம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாதி. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைத் தனியே பிரிக்கும் சுவரைப் பற்றி எத்தனை ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருந்தும் ஆயர் பொறுப்புகளில் தலித்துகள் மிகக் குறைவாக இருப்பதே அவர்களின் நெடுநாள் முறையீடு. ஆயர் எப்படித் தேர்வாகிறார்? டெல்லியிலுள்ள திருத்தந்தையின் தூதர், குருக்களிடமும், குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினர் சிலரிடமும் இரகசியமாகக் கருத்துக் கேட்டு, மூன்று பெயர்களை ரோமைக்கு அனுப்புகிறார். நம் லத்தீன் வழிபாட்டுமுறை மறைமாவட்டங்கள் ஆயர்களுக்கான துறையின் கீழ் வருவதில்லை. நற்செய்தி அறிவிப்புப் பணித் துறையின் கீழ் வருகின்றன. 2022இன் சீர்திருத்தப்படி அத்துறைக்குத் தலைவர் திருத்தந்தையே. அதே ஆண்டில்தான் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். அகுஸ்தீன் சபைத் தலைவராகக் கேரளத்துக்கு வந்துபோன லியோவுக்கு இந்தியத் திருச்சபை முற்றிலும் அறியாத இடம் இல்லை. ஆனால் அந்த மூன்று பெயர்ப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம், அது நமக்குத் தெரிவதே இல்லை.

இதுவரை அவர் செய்தவற்றிலிருந்து என்ன தெரிகிறது? 2025 செப்டம்பரில் வெளியான நீண்ட நேர்காணலில், பாலியல், திருமணம் பற்றிய போதனை அண்மைக் காலத்தில் மாற வாய்ப்பில்லை என்றும், பெண்களைத் திருத்தொண்டராக்கும் (குருவுக்கு அடுத்த படிநிலை) விஷயத்தில் இப்போதைக்கு எதையும் மாற்றும் எண்ணம் தமக்கில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதத் தொடக்கத்தில், ஓரினச் சேர்க்கையாளரிடையே பணிசெய்யும் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் மார்ட்டினைச் சந்தித்தார். அக்டோபரில், பிரான்சிஸ் கட்டுப்படுத்தியிருந்த பழைய லத்தீன் திருப்பலியைப் பேதுரு பெருங்கோவிலில் மரபுவாதியான அமெரிக்கக் கர்தினால் பர்க் நிறைவேற்ற அனுமதி கிடைத்தது. அதே மாதம் பிரான்சிஸ் எழுதத் தொடங்கி விட்டுச்சென்ற, ஏழைகள் மீதான அன்பு பற்றிய மடலைத் தம் பெயரில் வெளியிட்டார். வத்திக்கான் முதலீடுகளையெல்லாம் வத்திக்கான் வங்கியே கையாள வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு ஏற்பாட்டைத் தளர்த்தியதும் அக்டோபரில்தான். பிரான்சிஸின் முடிவொன்றை நேரடியாகத் திருத்திய அதைப் பற்றி மக்கள் கருத்து என்று ஒன்று எழவே இல்லை, தோள்போர்வைக்கு எழுந்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 2026 சனவரியில் கர்தினால்கள் அனைவரையும் ரோமைக்கு அழைத்து ஆலோசித்தார். பிரான்சிஸ் இந்த வகைக் கூட்டத்தை அரிதாகவே கூட்டினார் என்பது கர்தினால்களின் பழைய குறை.

இவற்றை இரு தரப்புக்கும் இனிப்புக் கொடுக்கும் தந்திரம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு துறவு சபையின் உலகத் தலைவராக இருந்தவர், ஐம்பது நாட்டு மடங்களில் ஒத்துப்போகாத துறவிகளை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பழகியவருக்கு, முதலில் கத்தியவர் தொண்டை ஓயட்டும் என்று காத்திருப்பது இயல்பு. அதன் குறையும் தெளிவானது: காத்திருக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். குருத்துவ அழைப்பு தமக்கு உண்டு என்று நம்பும் எழுபது வயதுச் சகோதரிக்கு இன்னும் பத்தாண்டு பொறுங்கள் என்பது விடை ஆகாது. அதை மறைத்து, லியோவை மறைமுகச் சீர்திருத்தவாதி என்று ஆறுதல் சொல்வோர் அவருக்கும் நன்மை செய்யவில்லை, அந்தச் சகோதரிக்கும் செய்யவில்லை.

என்னைக் கேட்டால், அடுத்துக் கவனிக்க வேண்டிய தேதி 2028 அக்டோபர். பிரான்சிஸ் 2021இல் தொடங்கிய கூட்டியக்கப் பயணத்தின் முடிவாக வத்திக்கானில் ஒரு திருச்சபைப் பேரவை கூடவிருக்கிறது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி அவர் ஒப்புதல் அளித்த திட்டம் அது, லியோ அதைக் கைவிடவில்லை. 2023 ஆயர் மாமன்றத்தில்தான் பெண்களுக்கு முதன்முதலாக வாக்குரிமை கிடைத்தது. இந்தப் பேரவைக்கு யார் யார் அழைக்கப்படுகிறார்கள், ஆயர் அல்லாதோர் எத்தனை பேர், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் யார் போகிறார்கள், எதன் மீது வாக்கெடுப்பு என்ற அறிவிப்பு வெளியாகும் நாளில் இதே கேள்வியை மறுபடி கேளுங்கள்; அப்போது இதைவிடக் கறாரான விடை ஒன்று என்னிடம் இருக்கும்.